மழைக்கு அடித்த மருந்து

தோட்டக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவே நிற்கும் எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. காகிதத்தில் அல்ல, விக்கியில். எங்கள் ஆட்கள் மட்டும் திறந்து பார்க்கவும் திருத்தவும் முடிகிற உள் விக்கி அது. பக்கத்தின் தலைப்பில் ஒரு பெட்டி, அதற்குள் கட்டங்கள்: தோட்டக்காரர் பெயர், ரகம், கொடியைக் கவாத்து வெட்டிய தேதி, எத்தனையாவது மருந்து, மருந்தின் பெயர், அடித்த தேதி, அடித்த பின் எத்தனை நாள் உள்ளே போகக்கூடாது. தோட்டக்காரர்கள் போனில் சொல்வார்கள். அலுவலகத்தில் இரண்டு பெண்கள் கேட்டுக் கேட்டுக் கட்டங்களை நிரப்புவார்கள்.

அந்தக் கட்டங்களிலிருந்து அறிக்கை வரவைப்பது என் வேலை. அறிக்கைகளை நான் தினமும் உட்கார்ந்து எழுதுவதில்லை. வாக்கியங்களை ஒரே ஒருமுறை எழுதி, நடுநடுவே ஓட்டை விட்டு வைத்திருக்கிறேன். டெம்ப்ளேட் என்போம். காலை ஆறு மணிக்கு அது தானாகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் போய், கட்டத்தில் இருப்பதை எடுத்து ஓட்டையில் வைத்து, நாள் கணக்குப் போட்டு, முழு வாக்கியமாக எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடும். “மூன்றாவது மருந்து இன்ன தேதியில் அடிக்கப்பட்டது. காத்திருப்பு நாட்கள் முடிந்துவிட்டன. உள்ளே செல்லத் தடை இல்லை.” கொத்து ஆய்கிற பெண்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரிகள், பழம் வாங்க வரும் வியாபாரிகள், எங்கள் கள ஆய்வாளர்கள், எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குள் குனிவார்கள்.

கடைசி வாக்கியத்தை முதலில் நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன். “உள்ளே செல்லலாம் என்று கருதலாம்.” மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

“கருதலாம்னா என்ன சார் அர்த்தம்? போலாமா, போகக்கூடாதா? படிக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துட்டா அப்பறம் எதுக்கு ரிப்போர்ட்டு?”

சரியென்று பட்டது. மாற்றினேன். சின்னமனூரில் பல வருடம் கணினிப் பயிற்சி மையம் நடத்தியவன் நான். கற்றுக்கொள்ள ஆள் வராமல் அதை மூடிவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் இந்த வேலைக்கு வந்திருந்தேன். நான் எழுதிய ஒரு வாக்கியம் இருநூற்றுச் சொச்சம் தோட்டங்களுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதில் எனக்குச் சின்னதாக ஒரு மிதப்பு இருந்தது. அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

என் மகளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். விவசாயப் பட்டப்படிப்பு முடித்தவள். கள ஆய்வாளர் வேலை. மேலாளரிடம் அவளுக்காகக் கேட்டவன் நான்தான். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், பந்தலுக்கு அடியில் நின்று கொத்துகளை எண்ணி, இலையைத் திருப்பிப் பூச்சி பார்த்து, படம் எடுத்து வர வேண்டும். என் டெம்ப்ளேட்டை ஒரு மனிதனாகவே வைத்துப் பேசுவாள்.

“என்னப்பா, இன்னைக்கு உங்க ஆளு எத்தனை தோட்டத்துக்கு வழி விட்டிருக்காக?”

“பதினாலு.”

“உங்க ஆளுக்கு ஒரு காபி குடுத்தா இன்னும் ரெண்டு கூட விடுவாகளோ?”

நான் சொல்ல வந்தது நடந்ததற்கு இரண்டு வாரம் முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. வேண்டாம் என்றாள். காரணம் கேட்டேன். “இப்ப வேணாம்ப்பா, அம்புட்டுத்தான்” என்றாள். நான் கத்தவில்லை. அதைவிட மோசமாக, பேசுவதை நிறுத்தினேன். சாப்பாட்டுத் தட்டை அவள் வைத்தால் எழுந்து போய்விட்டு, மனைவி வைத்தால் வந்து உட்கார்ந்தேன். பதினோராம் நாளோ என்னவோ, அவளே வந்து முன்னால் நின்றாள்.

“எனக்குப் போதும்போதும்னு இருக்குப்பா. நீங்க இப்பிடி இருந்தா நான் என்னதான் செய்ய?”

நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம் மனைவி போன் செய்தாள். “ஏங்க, பிள்ளை தோட்டத்துலருந்து வந்து வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாம கீழ சாச்சுட்டு உள்ள வந்துட்டா. வாயில எச்சியா ஒழுகுது. ஓடியாங்க.”

ஓடினேன். மின்விசிறிக்குக் கீழே தரையில் கிடந்தாள். குளித்தது போல் வியர்வை. ஒரு கண் இமை தனியே துடித்துக்கொண்டிருந்தது. “கண்ணு மங்குதுப்பா” என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்தார். வீரபாண்டி தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி.

தேனியில் நாங்கள் போன மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான்.

பணியில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. “பூச்சிமருந்து” என்றார் உடனே. ஊசி போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “மேல பட்டதா, குடிச்சாங்களா? எங்க வேலை பார்க்கிறாங்க?”

சொன்னேன். அன்று அவள் போனது ஓடைப்பட்டியை ஒட்டிய ஒரே ஒரு தோட்டம். அது எனக்குத் தெரியும். போனை எடுத்தேன். விக்கியைத் திறந்து, அந்தத் தோட்டத்தின் பக்கத்துக்குப் போய், அறிக்கையைப் புதிதாக வரவழைத்தேன். இரண்டே தட்டல்தான். நான் செய்தது அவ்வளவு எளிதாக வேலை செய்யும்.

“மருந்து அடிச்சு ஒன்பது நாள் ஆச்சு டாக்டர். காத்திருப்பு முடிஞ்சு நாலு நாள் ஆகுது. உள்ள போகத் தடை இல்லைன்னு வந்திருக்கு, பாருங்க.”

வாங்கிப் படித்தார். “இது யார் கொடுத்த ரிப்போர்ட்?”

“நான்தான் டாக்டர். நான் செஞ்சதுதான் இது.”

அந்தக் குரலில் இருந்த உறுதி இப்போதும் என் காதில் இருக்கிறது.

போனைத் திருப்பிக் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்ப வீட்ல ஏதாவது பிரச்சினையா? சமீபத்துல?”

கொஞ்சம் தயங்கினேன். பிறகு வரன் வந்ததைச் சொன்னேன். அவள் மறுத்ததை, நான் பேசாமல் இருந்ததை, போதும்போதும் என்று இருக்கிறது என்று அவள் சொன்னதை, எல்லாவற்றையும் என் வாயால் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒன்றோடு ஒன்று பொருந்தி முழுக்கதையாக ஆனது. மருத்துவர் எழுதிக்கொண்டார்.

வயிற்றைக் கழுவ அவளைத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் அவள் காதருகே குனிந்தேன்.

“என்ன ஆத்தா குடிச்ச?”

“குடிக்கலப்பா.” நாக்கு குழறியது. “தோட்டத்துல... தோட்டத்துலதான்...”

“தோட்டத்துல ஒண்ணும் இல்ல ஆத்தா. நான் பார்த்துட்டேன். உண்மையைச் சொல்லு, அப்பா திட்டமாட்டேன்.”

என்னைப் பார்த்தாள். பார்வை மங்கியிருந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டதுபோல இருந்தது. ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் போட்டிருந்த சுடிதாரை அன்று சாயந்திரம் வரை யாரும் மாற்றவில்லை. வயிற்றுக்குள் போன விஷத்துக்குத்தான் வைத்தியம் நடந்தது. விளக்கு போடும் நேரத்தில் பணி மாறி வந்த ஒரு செவிலியர், குமுளிப் பக்கத்துக்காரர், அவளைப் புரட்டிவிட்டு மூக்கைச் சுளித்தார். “இந்தத் துணியில எந்தா இவ்வளவு நாத்தம்? தோள்பட்டை பூராவும் மருந்தாயிருக்கே.” உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு, தலைமுடி வரை கழுவினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். குடிக்கும்போது மேலே சிந்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். ஆறு மணி நேரம் தோலின் வழியாக அது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

மனைவியை வீட்டுக்கு அனுப்பி பாட்டிலைத் தேடச் சொன்னேன். அரிசி டிரம், குளியலறைப் பரண், கட்டிலடி, மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால். போன் செய்தாள்.

“ஒண்ணும் இல்லைங்க.”

“நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன். அவதான் குடிக்கலைங்குறாளே. நீங்க ஏங்க இப்பிடி நிக்கிறீக?”

“அவ வண்டி டிக்கில பாரு.”

டிக்கியில் மழைக்கோட்டும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. டப்பா காலி. பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஒரு காவலர் வந்து என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அவரிடமும் அதையே சொன்னேன். சொந்தக்காரர்கள் வந்தார்கள். யார் அந்தப் பையன் என்று ஒருவர் மனைவியிடம் கேட்டாராம். மூன்று நாள் அவளுக்கு மூச்சுக்குழாய் போட்டிருந்தது. அவளால் பேச முடியாது. எனக்குக் கேட்கவும் ஒன்றுமில்லை என்று இருந்தேன்.

நான்காம் நாள் தோட்டக்காரர் வந்தார். அறுபது வயது, நல்ல மனிதர். ஒரு பை சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நிலைமையைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“நான் தோட்டத்துல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன் தம்பி. தேவதானப்பட்டியில ஒரு காதுகுத்து, அங்கன போயிட்டேன். மருந்து வாசம் அடிச்சிருக்குமே, பாப்பா எப்பிடி உள்ள போச்சு?”

“என்ன மருந்துண்ணே? ஒன்பது நாளாச்சே.”

“ஒன்பது நாளா? பாப்பா வந்ததுக்கு மொத நாள் சாயந்திரம்ல அடிச்சோம். மழைக்கு அடிச்சது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். மூணாவது மருந்து அடித்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு வாரம் விடாத சாரல். மழை விட்டு வானம் வெறித்ததும் அதே மருந்தை அதே அளவில் மறுபடியும் அடித்திருக்கிறார்கள்.

“அதை ஏண்ணே ஆபீஸுக்குச் சொல்லல?”

உண்மையாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். “என்னத்தைச் சொல்ல? மூணாவது மருந்து அடிச்சாச்சுன்னு அன்னைக்கே சொல்லிட்டோமே. மழை கொண்டுபோனதைத் திரும்பக் குடுத்தோம், அம்புட்டுத்தான். நாலாவது இன்னும் அடிக்கவே இல்லையே தம்பி.”

பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் மருந்தைத் தேதி வைத்து யாரும் பேசுவதில்லை. முதல் மருந்து, இரண்டாவது மருந்து என்றுதான் பேசுவார்கள். மழை கழுவிவிட்டுப் போனால் திரும்ப அடிப்பது தனி மருந்து ஆகாது. அதே மருந்துதான், அதே எண்தான். நான் இந்த மண்ணில் பிறந்தவன். மழைக்கு அடிக்கிறது என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கட்டங்களை ஒவ்வொன்றாக நான் உட்கார்ந்து பிரித்தபோது அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர்கள் சொன்னதை என் கட்டம் வாங்கிக்கொண்டது. கட்டத்தில் இருந்ததை என் வாக்கியம் வாங்கிக்கொண்டது. வாக்கியத்தை என் மகள் நம்பினாள்.

எழுந்து மருத்துவரைத் தேடிப் போனேன். பொறுமையாகக் கேட்டார். குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். முதல் நாள் எழுதியதை அடிக்க முடியாது என்றார். அது சட்டப்படி அப்படியேதான் இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளும் ஒரு டெம்ப்ளேட்தான். “பின்னணி” என்ற கட்டத்தில், தந்தை கூறியபடி தோட்டத்தில் மருந்து பட வாய்ப்பில்லை, வீட்டில் மனவருத்தம் என்று இருந்தது. சேர்த்த வரி வேறு பக்கத்தில், சின்ன எழுத்தில்.

அலுவலகத்தில் சம்பவ அறிக்கை கேட்டிருந்தார்கள். அதற்கும் டெம்ப்ளேட் இருந்தது. அதுவும் அதே பக்கத்திலிருந்து அதே தேதியை எடுத்து, “நுழைவு அனுமதிக்கப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது” என்று அச்சடித்திருந்தது. தேதியைத் திருத்தலாமா என்று கேட்டேன்.

“பாதிக்கப்பட்ட பொண்ணோட அப்பா, பேஷண்டு ஆஸ்பத்திரியில இருக்கையில, தேதியை மாத்தினார்னு விக்கி ஹிஸ்டரியில நிக்கும் சார்” என்றார் மேலாளர். அதட்டிச் சொல்லவில்லை, வருத்தமாகவே சொன்னார். “தோட்டக்காரர் எழுதிக் குடுக்கட்டும்.”

தோட்டக்காரர் எழுதித் தரத் தயாராகத்தான் இருந்தார். மூணாவது மருந்து என்றே எழுதுவேன், நாலாவது என்று எழுத மாட்டேன், அது பொய் என்றார். அந்தத் தாளை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று அலுவலகத்துப் பெண்களுக்குத் தெரியவில்லை. இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

குழாயை எடுத்து, அவளைப் பொதுவார்டுக்கு மாற்றிய அன்று அவளிடம் போய் உட்கார்ந்தேன். சொல்வதற்கு என்னிடம் நல்ல செய்தி இருந்தது என்றுகூட நினைத்தேன்.

“தோட்டக்காரரு வந்தாக ஆத்தா. நீ போனதுக்கு மொத நாள் சாயந்திரம் மருந்து அடிச்சோம்னு அவுகளே சொல்லிட்டாக. நீ எதுவும் குடிக்கலன்னு தெரிஞ்சு போச்சு.”

தொண்டை புண்ணாகி இருந்தது. மெதுவாகப் பேசினாள்.

“அவுக சொன்னாகளா?”

“ஆமா ஆத்தா.”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

போர்வையை அவள் காலடிவரை இழுத்துவிட்டேன்.

“வாசம் அடிச்சுச்சுப்பா. நல்லாவே அடிச்சுச்சு. வண்டியை நிறுத்தி உங்க ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தடை இல்லைன்னு இருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல அடிச்சிருப்பாக, காத்துல வருதுன்னு நெனச்சுட்டுப் போனேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்க எழுதினதுன்னுதான் போனேன்.”

மனைவி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். வார்டில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து அவள் பாதங்களில் உணர்ச்சி குறையத் தொடங்கியது. இந்த வகை மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்றார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். செருப்பு கழன்று விழுவது அவளுக்குத் தெரிவதில்லை. விரல்களில் பிடிப்பு இல்லை. பேனாவை நழுவ விடுகிறாள். உடம்பில் பட்ட மருந்து அன்று மத்தியானமே கழுவப்பட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

விக்கியில் ஒரு புதிய கட்டம் சேர்த்தேன். “மழைக்குப் பின் திரும்ப அடித்த தேதி.” போனில் அதைக் கேட்டால் தோட்டக்காரர்கள் இல்லை என்றே சொல்கிறார்கள். நாலு தேதி இருந்தால் வியாபாரி நாலு மருந்து என்று விலையைக் குறைப்பான் என்று அவர்களுக்குப் பயம். சிலருக்கு அந்தப் பயம்கூட இல்லை. கேள்வியே அவர்களுக்குக் கேள்வியாகப் படவில்லை. எல்லாத் தோட்டங்களிலும் அந்தக் கட்டம் காலி. கடைசி வாக்கியத்தைப் பழையபடி கருதலாம் என்று மாற்றினேன். இரண்டு நாளில் மேலாளர் வேறொருவரை வைத்துத் திருத்திவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு என் போனுக்கும் வருகிறது. தடை இல்லை, தடை இல்லை, தடை இல்லை. பெண்கள் ஆட்டோவில் ஏறிப் பந்தலுக்குப் போகிறார்கள். ஒரு மேஸ்திரியை நிறுத்தி நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். “ரிப்போர்ட்டுல நல்லாத்தானே சார் இருக்கு?” என்றார்.

நான் இதை எழுதுவது அதற்காகவும் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தேதி, சாட்சி, துணியில் இருந்த நாற்றம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த மத்தியானம் நான் சேர்த்துக் கட்டிய கதை என்னைவிட்டுப் போகவில்லை. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். வீட்டில் எலி மருந்துகூட வாங்குவதில்லை. கொல்லையில் அவள் கொஞ்ச நேரம் தனியாக நின்றால் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நானும் அங்கே போய் நிற்கிறேன். இப்படி இருக்கிற வாழ்க்கையில் இனிமேல் அவள் அதைச் செய்துவிடுவாளோ என்பது இப்போதைய பயம். நான் தவறாகப் படித்தது பின்னால் உண்மையாகிவிடுமோ என்பது.

அவளுக்கு இது தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம் தேவைக்கு மேல் எதுவுமே பேசுவதில்லை. அறைக் கதவை இப்போதெல்லாம் அவள் தாழிடுவதில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் போனால், நான் கூடத்தில் எழுந்து நிற்கிறேன். நாற்காலி நகரும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். நான் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்.

“இருக்கேன்.”

அப்பா என்ற சொல் அதில் இருக்காது. நான் உட்கார்ந்துகொள்கிறேன்.